விளிம்பில் நிற்பவர் யார்?

'விளிம்புநிலை மக்கள்' என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில்தான். சமுதாயத்தின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டவர்கள், அதிகாரமும் குரலும் மறுக்கப்பட்டவர்கள் என்று விரிவுரையாளர் விளக்கினார். கேட்டதும் என் நினைவுக்கு வந்தவர் என் பாட்டி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கித்தாக் காட்டில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போனவர். 'விளிம்பு' என்றால் அவருக்குப் பாத்திரத்தின் விளிம்பு மட்டுமே தெரியும்.

இத்தகைய மக்களைப் பற்றிய திரைப்படங்கள் தமிழில் நிறைய வந்துவிட்டன. அவற்றைப் பார்த்துக் கண்கலங்குகிறோம். நல்ல படம் என்று நண்பர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். ஆனால், அந்தக் கண்ணீருக்குப் பிறகு நமக்குள் என்ன எஞ்சுகிறது? மூன்று படங்களை என் வீட்டாரோடு அமர்ந்து பார்த்தபோது இந்தக் கேள்விக்குச் சிறிது விடை கிடைத்தது.

முதலாவது, பாலாவின் 'பரதேசி' (2013). ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' நாவலைத் தழுவியது. ஆங்கிலேயர் காலத்தில் பஞ்சம் பிழைக்கக் கங்காணியை நம்பித் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்ற கிராமத்து மக்களின் கதை. கடன் தீராது, எனவே ஊர் திரும்பவும் முடியாது. அதே கங்காணி முறையில்தான் நம் முன்னோர் பலரும் மலாயாவுக்குக் கப்பலேறி வந்தனர். ஆகவே, அது நம் கதையும்கூட. பாட்டி பாதிப் படத்திலேயே எழுந்துவிட்டார். அழுகிறாரோ என்று நினைத்துப் பின்னால் போனேன். அவர் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாட்டி, பிடிக்கலையா?"

"எங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியும்மா. அது நெசந்தான். ஆனா நாங்க ஒரு நாளு கூடவா சிரிக்கல?"

பிறகு அவர் சொன்னதெல்லாம் சிரிப்பின் கதைகள். லயத்து வாசலில் பெண்கள் சேர்ந்து வம்பளந்தது, தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியபோது பாய் விரித்து இடம் பிடித்தது, எம்.ஜி.ஆர். சண்டையிடும்போது கிராணியாரே எழுந்து நின்று கைதட்டியது. அன்று திடலில் அமர்ந்திருந்த அத்தனை பேரும் விளிம்புநிலை மக்கள்தாம். அவர்கள் திரையைப் பார்த்தார்கள்; திரை அவர்களைப் பார்க்க வெகுகாலம் ஆயிற்று.

அப்படித் திரும்பிப் பார்த்த படங்களுள் ஒன்று, நம் நாட்டு இயக்குநர் தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005). 1960களின் ரப்பர் தோட்டம். சாந்தா என்ற பெண் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். வீட்டில் வறுமை. உரத்த வசனமும் சண்டையும் இல்லாத படம் என்பதால் பாட்டி தூங்கிவிடுவார் என்றே எண்ணினேன். அவர் கடைசிவரை பார்த்தார். "தோட்டத்துல பொறந்த புள்ளைக்கு அவ்வளவு பெரிய ஆசையான்னு அப்பல்லாம் கேப்பாங்க. ஆசப்படறதுக்கு யாரு காசு கேக்கறா?" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் பல நாள் என்னோடு இருந்தது. ஓரத்து மனிதர்களின் துன்பத்தை மட்டும் காட்டும் படம் நம்மை இரக்கப்பட வைக்கிறது. அவர்களின் ஆசையையும் காட்டும் படமோ, 'இந்த ஆசை ஏன் நிறைவேறவில்லை? யார் தடுத்தது?' என்று கேட்க வைக்கிறது. இரக்கம் எளிது, படம் முடிந்ததும் அதுவும் முடிந்துவிடும். கேள்வி அப்படியன்று.

மூன்றாவது படம், சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015). கெட்டது எனப் பொருள்படும் மலாய்ச் சொல் தோட்டத்துத் தமிழரின் நாவில் உருமாறி, சேட்டைக்காரப் பிள்ளைகளுக்குப் பட்டமாயிற்று. கதை 1990களின் தொடக்கத்தில் நிகழ்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் அப்போய். துறுதுறுவென்ற கற்பனைக்காரன். தந்தைக்கோ மகன் படித்து முன்னேற வேண்டும் என்ற ஒரே வெறி. அதை அவர் பிரம்படியாகவே வெளிப்படுத்துகிறார். சுற்றிலும் போதையும் குண்டர் கும்பலும். பையன் மெல்ல மெல்ல வேறு திசையில் சாய்கிறான்.

அந்தப் படத்திற்கு வெளியேயும் ஒரு விளிம்பு இருந்தது. 2016இல் நடைபெற்ற 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் மொழியில் அமையாத படங்களுக்குத் தனிப்பிரிவு ஒதுக்கப்பட்டது. கலையுலகிலிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்து, சிறந்த படத்திற்கான அந்தப் பாகுபாடு கைவிடப்பட்டது. முடிவில், சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை வென்றது 'ஜகாட்'.

அப்போயின் வயதுதான் என் அப்பாவுக்கும். அவரது தோட்டமும் அதே காலத்தில் வீடமைப்புத் திட்டத்திற்கு விற்கப்பட்டது. லயத்து வீடுகளைக் காலி செய்தவர்கள் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக்கொண்டார்கள். பிறகு மலிவுவிலை அடுக்குமாடிக்கு மாறினார்கள். தோட்டம் எவ்வளவு கொடியதாக இருந்தாலும் அங்கே ஆயாக்கொட்டகை இருந்தது, கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான்கு வீடுகள் இருந்தன. நகரத்தின் ஓரத்தில் அவை எதுவும் இல்லை. 'ஜகாட்' காட்டும் வன்முறை வானத்திலிருந்து விழுந்ததன்று. இந்த வெறுமையில் முளைத்தது.

படம் முடிந்து வெகுநேரம் அப்பா பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் பள்ளிக்கூடத்துல அந்தப் பேருதான். ஒரு வாத்தியார் மட்டும் கூப்பிட்டு, உனக்கு என்னடா பிடிக்கும்னு கேட்டாரு. ரேடியோவப் பிரிச்சி மாட்டப் பிடிக்கும்னேன். தொழிற்பள்ளிக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்தாரு. என் பக்கத்துல உக்காந்திருந்தவன யாரும் கேக்கல. இருபத்திரண்டு வயசுல போயிட்டான்."

அப்பா இன்று குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறார். அவர் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இரண்டு சிறுவர்களுக்கு இடையே இருந்த தூரம் ஒரு கேள்வி.

இதை ஏன் நம் ஆண்டிதழில் எழுதுகிறேன்? நம்மில் பலர் சனிக்கிழமைகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சென்று தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு இலவச வகுப்பு நடத்துகிறோம். அங்கேயும் கடைசி வரிசையில் ஒருவன் இருப்பான். என் வகுப்பிலும் இருந்தான். "அவன விட்டுடுங்கக்கா, ஜகாட்டு" என்று மற்ற பிள்ளைகளே எனக்கு அறிவுரை சொன்னார்கள். அப்பாவின் வாத்தியார் கேட்ட கேள்வியையே நானும் கேட்டேன். முதல் வாரம் பதில் இல்லை. மூன்றாம் வாரம், "மீனுக்கா" என்றான். கண்ணாடிப் போத்தல்களில் சண்டை மீன் வளர்க்கிறானாம். எந்த மீனுக்கு என்ன தீனி, தண்ணீரை எப்போது மாற்ற வேண்டும், நோய் வந்தால் துடுப்பு எப்படிச் சுருங்கும் என்று மூச்சுவிடாமல் பேசினான். அதையே எழுதச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதினான். ளகர லகரப் பிழைகள் ஏராளம். ஆனால், மனப்பாடக் கட்டுரைகளில் இல்லாத ஓர் உயிர் அதில் இருந்தது. அவன் எதிர்காலம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த வாரமும் வகுப்புக்கு வந்தான், அவ்வளவுதான்.

தோழர்களே, சாந்தா ஆசைப்பட்ட இடத்தில் இன்று நாம் அமர்ந்திருக்கிறோம். அப்போய்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். விளிம்பு என்பது திரைக்குள் இருக்கும் தொலைதூரத்து ஊரன்று. நம் வீடுகள் ஒரு தலைமுறைக்கு முன் கடந்து வந்த வாசற்படி. அதைத் தாண்டியவர்கள் திரும்பிப் பார்த்துக் கண்ணீர் விட்டால் மட்டும் போதாது. நல்ல படங்களைப் பாருங்கள், பெரியவர்களோடு அமர்ந்து பாருங்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பிறகு, உங்கள் வகுப்பின் கடைசி வரிசைக்குச் சென்று, அங்கிருப்பவனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.