கொடைரோட்டுப் பச்சை

கொடைரோட்டில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊருக்காக இறங்குவதில்லை. பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியலுக்கு முன் இருட்டோடு வந்து நிற்கும். மலைக்குப் போகிற கூட்டம் பையும் ஸ்வெட்டருமாக இறங்கும். வாசலில் வேன்காரர்கள் "கொடை, கொடை" என்று கூப்பிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் நிலையம் ஓய்ந்துவிடும். 1875இல் மதுரைக்கு ரயில் வந்த காலத்திலிருந்து இந்த ஊருக்கு வாய்த்த வேலை இதுதான். மலைக்கு மோட்டார் ரோடு போடுவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்களும் அமெரிக்க மிஷனரிகளும் இங்கே இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் போய், அடிவாரத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள்.

நான் மலைக்குப் போகவில்லை. ஆக்லாந்திலிருந்து இத்தனை கடல் தாண்டி வந்தது இந்தச் சமவெளியின் பாட்டிகளைப் பார்ப்பதற்காக. அவர்களுடைய கைகளையும் காதுகளையும் பார்க்க.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் மவோரிப் பெண்கள் மோவாயில் குத்திக்கொள்ளும் பச்சைக்கு மோகோ கவாயே என்று பெயர். குலத்தின் கதையும் வழிவழி வந்த தாய்மாரின் அடையாளமும் அந்தக் கோடுகளில் இருக்கும். ஒரு காலத்தில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. 1970 வாக்கில் மார்ட்டி ஃப்ரீட்லேண்டர் என்ற புகைப்படக்காரரும் மைக்கேல் கிங் என்ற வரலாற்றாசிரியரும் ஊர் ஊராகப் போய், மிச்சமிருந்த கிழவிகளைத் தேடிப் படம் எடுத்தார்கள். 1972இல் 'மோகோ' என்ற புத்தகம் வந்தது. அந்த முகங்களோடு எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் பலர் நினைத்தார்கள். முடியவில்லை. மோவாயில் மோகோவோடு நானையா மஹுட்டா 2020இல் நாட்டின் வெளியுறவு அமைச்சரானார். 2021 டிசம்பரில் ஓரினி கைபாரா அதே கோடுகளோடு மாலை நேர முதன்மைச் செய்தி வாசித்தார். ஏர் நியூசிலாந்து 2019இல் ஊழியர்கள் பச்சையை மறைக்க வேண்டாம் என்றது. இவை ஒவ்வொன்றையும் பார்க்கும்போது எனக்கு நிலக்கோட்டைப் பக்கத்துக்காரரான என் அப்பத்தாவின் கை நினைவுக்கு வரும். எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் அப்பத்தா எப்போதும் முந்தானையை இழுத்து முன்கையை மூடிக்கொண்டிருப்பார். பட்டணத்துச் சம்பந்திகளுக்கு முன்னால் பச்சை தெரியக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நிலையத்துக்கு வெளியே, டீக்கடையை ஒட்டி ஒரு பாட்டி மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருந்தார். நிலக்கோட்டைச் சந்தைப் பூ. விரல்கள் நார் சுற்றும் வேகத்தில் முன்கை திரும்பித் திரும்பி வெளிச்சத்துக்கு வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை புள்ளிக் கோலம், அதன்மேல் ஒரு தேள், ஓரமாக இரண்டு எழுத்து. கறுப்பு வெளுத்து, நரம்போடு நரம்பாகக் கலந்த நீலம். காது தோள்வரை தொங்கியது. துளைக்குள் நகை இல்லை.

பக்கத்து பெஞ்சில் மலைக்கு வேன் பேசிக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவன் காது மடலில் கறுப்பு வளையம் மாட்டி, துளையைச் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குப் பெருக்கியிருந்தான். கை முழுக்க பாலினேசிய வடிவங்கள். அவனையும் பாட்டியையும் ஒரே பார்வையில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இருவர் காதிலும் நடந்தது ஒரே வேலை: துளையிட்டு, காத்திருந்து, சதையைப் பழக்கி, மெல்லப் பெரிதாக்குவது. ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்த 5,300 ஆண்டுக்கு முந்தைய மனிதன் ஓட்ஸிக்கு உடம்பில் 61 பச்சைக் குறிகள் உண்டு. காதுத் துளையும் பெருக்கப்பட்டிருந்தது. மனிதர்கள் இதை எப்போதும் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

"எந்தூருத்தா நீ?" என்றார் பாட்டி.

சொன்னேன். ஆக்லாந்து அவருக்குப் பிடிபடவில்லை. அப்பத்தாவின் ஊரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. கையைக் காட்டச் சொன்னேன். தயங்காமல் நீட்டினார்.

"குறத்தி வருவாத்தா. அறுப்பு முடிஞ்சு கையில நாலு தானியம் இருக்கையில வருவா. திண்ணையில உக்கார வச்சு, மூணு ஊசியச் சேத்துக் கட்டிக் குத்துவா. நான் கத்துனேன். எங்காத்தா மடியில போட்டு அமுக்கிக்கிட்டா. கம்பு ஒரு படி குடுத்துச்சு."

"வலிச்சதா பாட்டி?"

"வலிக்காம? ஆனா செத்தா கூட வாரது இதுதானத்தா. நகைய உருவிக்கிருவாக. இத உருவ முடியுமா?"

இந்த நம்பிக்கை தமிழ்நாடு முழுக்க உண்டு. ஆனாலும், பிள்ளைகளுக்காகத் தண்டட்டியை விற்றுவிட்ட ஒருவர் வாயிலிருந்து கேட்கும்போது அதன் கனம் வேறு. ஒரு மகனின் படிப்புக்கும் ஒரு மகளின் சீருக்கும் அது போயிருக்கிறது. தண்டட்டி என்பது மெல்லிய தங்கத் தகட்டுக்குள் அரக்கை நிரப்பிச் செய்வது. தெற்கே நெல்லைப் பக்கம் பாம்படம் என்பார்கள். அதை மாட்டுகிற காது ஒரு நாளில் வருவதில்லை. சின்ன வயதில் குத்தி, பஞ்சைத் திரித்து வைத்து, பிறகு ஓலைச் சுருள், பிறகு குணுக்கு என்ற ஈய வளையம். எடை கூடக் கூட மடல் இறங்கும். காது வடிக்காத பெண்ணைக் கட்ட ஆள் வரமாட்டார்கள் என்ற காலம் அது. அடுத்த தலைமுறையில் காது வடித்தவளைக் கட்ட ஆள் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் மடலை அறுத்துத் தைத்து, சின்னத் தோடு போட்டுக்கொண்டார்கள். இரண்டு முறையும் கத்திக்கும் ஊசிக்கும் காதைக் கொடுத்தவர்கள் பெண்கள். 2023இல் வந்த 'தண்டட்டி' திரைப்படம் செத்துப்போன ஒரு கிழவியின் காது நகையைச் சுற்றியே நடக்கிறது. அந்த நகைக்குள் ஒரு வாழ்க்கை இருப்பதை இளம் பார்வையாளர்களுக்கும் அது காட்டியது.

பச்சைக்கான மை எப்படிச் செய்தார்கள் என்பதை ஆங்கிலேயர் காலத்து இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள்தூளும் அகத்தி இலையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே புதுச்சட்டியைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பது. நான் இதை ஆக்லாந்து நூலகத்தில் படித்திருந்தேன். பூக்காரப் பாட்டிக்கு அகத்தி வரை நினைவிருந்தது. திரியைப் பற்றிக் கேட்டபோது, "அத அவதான் கொண்டாருவா, நமக்கென்ன தெரியும்" என்றார்.

அந்த "அவ" யார் என்பதில்தான் என் மனம் நின்றுபோனது. தெருத்தெருவாகப் போய்க் குறி சொல்லி, பச்சை குத்தி, கூடை முடைந்து விற்ற குறவர் பெண்கள்தான் இந்த மண்ணின் கை ஓவியங்களை வரைந்தவர்கள். அவர்களுடைய சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று சட்டம் போட்டு எழுதிவைத்தது ஆங்கிலேய அரசு. 1871இல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. தண்டட்டி போட்ட பிரமலைக் கள்ளர் பெண்களின் வீட்டு ஆண்களையும் அது பிடித்தது. மதுரைச் சீமையில் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பேர். விரலை மையில் தோய்த்து ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள்.

குறத்தியின் மைக்குக் கையை நீட்டிய ஜனம், போலீஸின் மைக்கு விரலை நீட்ட மறுத்து உயிரைக் கொடுத்திருக்கிறது. யார், எதற்காக நம் உடம்பில் மையை வைக்கிறார்கள் என்பதை அந்த மக்கள் துல்லியமாக அறிந்திருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அரசும் மையைப் பயன்படுத்தியதுதான்: 1849 வரை வங்காளத்திலும் சென்னையிலும் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தியது. சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. பச்சை என்றால் முகம் சுளிக்கிற பழக்கத்தில் அந்தச் சட்டத்தின் நிழலும் இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். குத்தியவள் தாழ்ந்தவளாக்கப்பட்டபோது, குத்திக்கொண்டவளின் கையும் முந்தானைக்குள் போனது.

ஆண்களின் கை அப்படி ஒளிந்துகொள்ளவில்லை. டீக்கடையில் ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்து இரட்டை இலையைக் காட்டினார். சின்னாளப்பட்டி இங்கிருந்து பக்கம்தான். 1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் அந்த ஊரில் வாழ்ந்த மாயத்தேவர்தான் இரட்டை இலையில் நின்று, எம்.ஜி.ஆர். கட்சிக்கு முதல் வெற்றியை வாங்கிக் கொடுத்தவர். பின்னர் தொண்டர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று எம்.ஜி.ஆர். சொன்னபோது, உள்ளேயே எதிர்ப்பு வந்தது. இந்தப் பெரியவர் யாரும் சொல்வதற்கு முன்னாலேயே திருவிழாவில் மிஷின்காரனிடம் குத்திக்கொண்டாராம்.

அன்று காலை வாடிப்பட்டி ரோட்டில் ஒரு மண்டபத்தில் காதணி விழா. ஊரெங்கும் ஃபிளெக்ஸ், தாய்மாமன் படம் குழந்தையின் படத்தைவிடப் பெரிதாக. கொட்டுமேளத்தோடு சீர்வரிசை வந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை மாமன் மடியில் வைத்துக்கொள்ள, ஆசாரி தங்கக் கம்பியை மடலில் ஏற்றினார். குழந்தை வீறிட்டதும் எல்லாரும் சிரித்து, வாயில் சர்க்கரையைப் போட்டார்கள். வாசலில் மொய் எழுதிக்கொண்டிருந்தார்கள். துளையிடுவதை இத்தனை ஆரவாரமாகக் கொண்டாடுகிற ஊரில், கல்லூரிப் பையன் கடுக்கன் போட்டால் மட்டும் ஏன் வீட்டில் சண்டை வருகிறது? பழைய குடும்பப் படங்களில் தாத்தாக்கள் எல்லாம் கடுக்கனோடுதானே உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூக்குத்திக்காக நீதிமன்றம் வரை போன தமிழ்க் குடும்பம் ஒன்று தென்னாப்பிரிக்காவில் உண்டு. டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒரு மாணவியின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னது. பெரிய மனுஷியானால் மூக்குக் குத்துவது எங்கள் வீட்டு வழக்கம் என்றார்கள். 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மாணவியின் பக்கம் நின்றது. அது கட்டாயச் சடங்கு அல்ல, விரும்பிச் செய்வதுதான். விரும்பிச் செய்கிற பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது தீர்ப்பு. விரும்பிச் செய்வது என்பதை நீதிமன்றம் பலவீனமாகப் பார்க்கவில்லை. அங்கேதான் அது எனக்குப் பெரிய தீர்ப்பாகப் படுகிறது. ஏனென்றால், அப்பத்தாவை யாரும் கேட்டுக் குத்தவில்லை. மூடச் சொன்னபோதும் கேட்கவில்லை.

திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போன வேன் ஓட்டுநர் தம்பி புஜத்தில் வேல் குத்தியிருந்தான். "ஆர்மிக்கு ஆசப்பட்டேன்க்கா. இந்த எடத்துல இருந்தா எடுக்க மாட்டாங்கன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது" என்றான். முன்கையின் உள்பக்கமும் புறங்கையும்தான் ராணுவத்தில் பொதுவாக ஏற்கிற இடங்கள். பழங்குடியினரின் மரபுப் பச்சைக்கு மட்டும் விலக்கு உண்டு. பூக்காரப் பாட்டியின் கோலம் முன்கையின் உள்பக்கத்தில்தான் இருந்தது.

அவனே என்னைத் தன் கூட்டாளியின் டாட்டூ கடைக்கு அழைத்துப் போனான். ஏசி அறை, உறை பிரிக்காத ஊசிகள், கையுறை. இந்தச் சுத்தம் எனக்குப் பிடித்தது. ஒரே ஊசியைப் பலருக்குக் குத்தும் ஆபத்து இங்கே இல்லை. ஆல்பத்தில் சிங்கம், சூலம், வேல், அம்மாவின் முகம், பக்கம் பக்கமாக மவோரிச் சுருள்கள். அவற்றின் பொருள் தெரியுமா என்று கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். தெரியாது, ஆனால் நிறையப் பேர் கேட்கிறார்கள் என்றான். பாட்டியின் அனுமதியோடு எடுத்த படத்தை அவனிடம் நீட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இது எந்த நாட்டு டிசைன்க்கா?"

"கொடைரோடு."

அவன் சிரிக்கவில்லை. டேப்லெட்டை எடுத்து, புள்ளிகளை எண்ணி வரையத் தொடங்கினான். தேளின் வாலில் ஒரு வளைவு வயதில் சுருங்கிய தோலுக்குள் மறைந்திருந்தது. "இங்க எப்பிடித் திரும்புதுன்னு தெரியலக்கா, பாட்டிகிட்ட நேர்ல பாக்கணும்" என்று ஓட்டுநரைப் பார்த்தான். பாட்டி காலை பத்து மணி வரைதான் பூ விற்பார் என்றேன். மறுநாள் விடியற்காலை பாண்டியனுக்கு ஆள் ஏற்றப் போகும்போது அவனையும் வேனில் ஏற்றிக்கொள்வதாக ஓட்டுநர் சொன்னான்.