ஒலிவாங்கிக்கு இந்தப் பக்கம்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், மாசாய்ப் பக்கத்துத் திருமண மண்டபங்களிலும், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புகளிலும் சாப்பாட்டுப் பந்தி ஓய்ந்த பிறகு ஒரு விளையாட்டு தொடங்கும். யாராவது ஒருவர் மைக்கைக் கையில் எடுத்து ஓர் எழுத்தைச் சொல்வார். எதிரணியில் இருப்பவர் அந்த எழுத்தில் தொடங்கும் சினிமாப் பாட்டைப் பாட வேண்டும். தடுமாறினால் கூட்டமே எடுத்துக் கொடுக்கும். இதில் கவனிக்க வேண்டியவர் மைக் பிடித்தவர்தான். அதுவரை பக்கத்து நாற்காலிக்காரரிடம் தோட்டத்துத் தமிழில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர், மைக் கைக்கு வந்ததும் நிதானிப்பார். சொற்களைப் பிரித்து, மெய்யெழுத்துகளைத் தேய்க்காமல் உச்சரிப்பார். பாடியவர் தவறினால் நோகாமல் உட்கார வைப்பார். அந்தக் குரல் அவருடையது இல்லை. கடலுக்கு அப்பால் கொழும்பிலிருந்து வந்தது, பி. எச். அப்துல் ஹமீத் என்ற ஒலிபரப்பாளருடையது.

ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் சேவை வழியாகச் சன் தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்த காலத்தில்தான் மலேசியத் தமிழர்களில் பலருக்கு அவர் முகம் அறிமுகமானது. இலங்கையிலும் தமிழ்நாட்டின் தென்கரையிலும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் வெறும் குரலாக, வீட்டில் ஒருவராக ஆகியிருந்தார். அதற்கு வரலாறு ஒரு வழி அமைத்துக் கொடுத்தது. கொழும்பில் வானொலி 1925-லேயே தொடங்கிவிட்டது. 1950-ல் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு வந்தது. 1952-ல் இந்தியாவில் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும், அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஓரங்கட்டியது. பாட்டுக் கேட்க விரும்பிய தமிழ் வீடுகள் வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பின. 1957-ல் விவித பாரதி வந்த பிறகும் அந்த முள் பல வீடுகளில் திரும்பவில்லை. பாட்டுக்காகப் போனவர்களை அங்கே பிடித்து வைத்தது அறிவிப்பாளர்களின் தமிழ். எஸ். பி. மயில்வாகனத்தின் மிடுக்கு, கே. எஸ். ராஜாவின் வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நடை. இந்த வரிசையில் வந்த அப்துல் ஹமீத், சிறுவனாக இருந்தபோதே வானொலி நிகழ்ச்சிகளில் பங்கெடுக்கத் தொடங்கியவர்.

அவருடைய வாழ்வில், அந்த எழுத்து விளையாட்டை அவர் நிகழ்ச்சியாக நடத்திய பாட்டுக்குப் பாட்டைவிடக் கூடுதலாகப் பேசப்பட வேண்டிய ஓர் அத்தியாயம் உண்டு. எழுபதுகளில் இலங்கை வானொலியில் 'கோமாளிகள் கும்மாளம்' என்ற தொடர் நாடகம் ஒலித்தது. எழுதியவர் எஸ். ராமதாஸ். நான்கு பாத்திரங்கள், நான்கு விதத் தமிழ். இந்துவான ராமதாஸ் மரிக்கார் என்ற முஸ்லிமாக, முஸ்லிம் மக்களின் பேச்சு வழக்கில் வெளுத்து வாங்கினார். ராஜகோபால், அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். செல்வசேகரன், உபாலி என்ற சிங்களவராகத் தமிழைச் சிங்கள ஓசையில் பேசினார். முஸ்லிமான அப்துல் ஹமீத் பேசியது ஐயர் பாத்திரம், பிராமணத் தமிழில். 1976-ல் இது 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்து, இலங்கைத் தமிழ்ப் படங்களில் மக்கள் திரண்டு பார்த்த ஒன்றாக ஆனது. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி ஆகிய பெயர்கள் அந்த நடிகர்களின் சொந்தப் பெயர்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

இன்றைக்கு அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. சில ஆண்டுகளிலேயே அந்தத் தீவு 1983 ஜூலையின் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தைக் கண்டது. கேட்டவர்கள் சிதறினார்கள். கே. எஸ். ராஜா 1994-ல் கொழும்பில் கொல்லப்பட்டார். ஒருவர் தமிழை இன்னொருவர் வாங்கிப் பேசி, அதைக் கேட்டு ஊரே சேர்ந்து சிரித்த நாட்கள் இருந்தன என்பதற்கு அந்த நாடகம் சாட்சியாக நிற்கிறது. இன்னொரு வீட்டாரின் பேச்சை அவர்கள் மனம் புண்படாமல் பேசிக் காட்ட வேண்டுமானால், முதலில் அந்த வீட்டுத் திண்ணையில் பொறுமையாக உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். அப்துல் ஹமீதின் பேட்டிக் கலைக்கு அடித்தளம் அங்கேதான் விழுந்தது என்று கொள்ளலாம். பின்னாளில், 2000-ல் வெளிவந்த 'தெனாலி'க்காகக் கமல்ஹாசன் ஈழத்தமிழ் பழக விரும்பியபோது அவர் தேடிப் போனதும் இவரைத்தான்.

இப்படி ஆயுள் முழுக்கப் பிறரைப் பேச வைத்தவர், தன் கதையை எழுதும்போது என்ன செய்வார்?

அவர் எழுதிய தன் அனுபவ நூலின் பெயர் 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்'. பெயரிலேயே அவர் தன்னை எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பது தெரிகிறது. வழிப்போக்கனுக்கு வழி சொந்தமில்லை. அவன் சொல்வதற்கு இருப்பது வழியில் கண்ட முகங்கள், தண்ணீர் கொடுத்த வீடுகள், கூட நடந்து வந்து பாதியில் பிரிந்தவர்கள். நிகழ்ச்சி நடத்துபவருக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம், தான் சிறுத்து எதிரில் இருப்பவரைப் பெரிதாகக் காட்டுவது. தன்வரலாறு எழுதுபவரோ ஒவ்வொரு பக்கத்திலும் தான் வந்து நின்றாக வேண்டும். இரண்டையும் ஒரே மனிதர் செய்வது கடினமான காரியம். தமிழில் அதைச் செய்து பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான நேயர்களின் பெயர்களை உச்சரித்த ஒரு குரல், கடைசியில் தாளில் இறங்கியது தமிழ் வாசகர்களின் நல்வினை. அவர் இறந்துவிட்டதாக இணையத்தில் வதந்தி பரவி, தாமே காணொளியில் வந்து மறுக்க நேர்ந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தன் கதையைத் தானே எழுதி வைக்காவிட்டால், பிறர் எதையும் எழுதி முடித்துவிடுவார்கள்.

தமிழ் ஒலிபரப்பில் எழுத்தும் குரலும் கைகோத்த மரபு அவருக்கு முன்பே உண்டு. யாழ்ப்பாணத்துக்காரரான சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியிலும் பிபிசியிலும் பணியாற்றியவர். லண்டன் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்ற பெயர் வந்தது அவரால்தான். அவருடைய 'ஒலிபரப்புக் கலை' இத்துறையைப் பற்றித் தமிழில் எழுந்த முன்னோடி நூல். மலேசியாவில் ரெ. கார்த்திகேசு இருந்தார். கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்து, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் உழைத்து, பிறகு பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, மலேசியத் தொலைக்காட்சியின் 1963 முதல் 1983 வரையிலான வரலாற்றை மலாய் மொழியில் நூலாக எழுதினார். தமிழில் நாவல்களும் சிறுகதைகளும் எழுதினார். 2016-ல் மறைந்தார். கனடாவில் வாழும் அ. முத்துலிங்கமும் பேட்டி, தன்வரலாறு என்ற இரு தொழிலையும் வேறொரு விதத்தில் செய்தவர். 1937-ல் கொக்குவிலில் பிறந்து, 1964-ல் 'அக்கா' தொகுப்பை வெளியிட்டு, பிறகு வேலை நிமித்தம் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அலைந்து, நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் எழுத வந்தார். பிறரைச் சந்தித்துக் கேட்டவற்றை 'வியத்தலும் இலமே' என்று புறநானூற்றுச் சொல்லால் பெயரிட்டுத் தொகுத்தார். தன் வாழ்வை 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' என்ற நாவலாக்கினார். அவருடைய பேட்டிகளைப் படித்துவிட்டு அந்த நாவலுக்குள் போனால், கேள்வி கேட்டவரின் கண்ணே கதை சொல்லவும் வந்திருப்பது விளங்கும். சின்னச் சின்ன விவரங்களில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

இவர்கள் எல்லோரும் எழுதத் தெரிந்தவர்கள். எழுதத் தெரியாதவர்களுக்குத் தன்வரலாறு எப்படிக் கிடைக்கும்? மாசாயில் உட்கார்ந்து யோசிக்கும்போது கேள்வி அங்கேதான் போய் நிற்கிறது.

சயாம்-பர்மா மரண ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் கட்டளையில் 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த, 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை. அதில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். மாண்டவர்கள் சுமார் 12,000. வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களோ போர்க்கைதிகளைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் அதிகமானோர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற கணக்கைக்கூட ஒழுங்காக எடுக்க ஆளில்லை. போர்க்கைதிகளில் பலர் நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள். சிங்கப்பூரில் பிடிபட்ட எரிக் லோமாக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் நூல் 1995-ல் வெளிவந்து, பின்னர் படமாகவும் ஆனது. 1957-ல் வந்த குவாய் ஆற்றுப் பாலம் திரைப்படம் உலகமெங்கும் ஓடியது. அது படமாக்கப்பட்டது இலங்கையில், கித்துல்கலவில். ஆனால் பாலத்துக்கு மண் சுமந்த தமிழர்களின் கதை அதில் இல்லை.

அந்தக் கதையை மீட்கத் தமிழர்களே உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதினார். சீ. அருண், உயிரோடு எஞ்சியிருந்த முதியவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி கண்டு, அந்தப் பாதையைப் பற்றி ஒரு வரலாற்று நூலைக் கொண்டுவந்தார். அந்தப் பேட்டிகளில் மேடை இல்லை, கைதட்டல் இல்லை. எண்பது வயதைத் தாண்டிய ஒருவர், இத்தனை காலம் யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்ததைச் சொல்கிறார். எழுதுபவர் இடைமறிக்காமல் கேட்கிறார். இதுவும் நேர்காணல்தான். கேட்பவரின் கை எழுத, சொல்பவரின் வாழ்க்கை தன்வரலாறாகிறது. தமிழில் நடந்த பேட்டிகளில் இவற்றுக்கு முதல் வரிசையில் இடம் கொடுக்க வேண்டும்.

மாசாயிலிருந்து பார்த்தால் சிங்கப்பூர் கூப்பிடு தூரம். அதிகாலையில் மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் இங்கே ஏராளம். சிங்கப்பூர்த் தமிழ் வானொலியான ஒலி 96.8-ஐக் கேட்டபடியேதான் பலர் அந்த நெரிசலைக் கடக்கிறார்கள். அக்கரையில் 1979-லேயே வாய்மொழி வரலாற்றுக்கு என்று அரசு ஒரு பிரிவை அமைத்துவிட்டது. 1981-ல் ஜப்பானியர் கால நினைவுகளைத் திரட்டும் திட்டம் தொடங்கியது. தமிழிலும் பேட்டிகள் பதிவாயின. சாதாரணத் தொழிலாளியின் குரலும் ஆவணக்காப்பகத்தில் ஒலிநாடாவாக அடுக்கப்பட்டது. இக்கரையில் நமக்கு அப்படி வாய்த்தது குறைவு. 1977-ல் பாசிர் கூடாங் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பிறகு இந்த வட்டாரம் வெகு வேகமாக உருமாறியது. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் தாமான்கள் என்னும் குடியிருப்புகள் எழுந்தன. தொழிலாளர் குடியிருந்த லயம் போனது, அவர்கள் பிள்ளைகளை விட்டுச்சென்ற ஆயாக் கொட்டகை போனது. தோட்டத்துப் பெயர்கள் சிலவற்றைப் பள்ளிக்கூடமும் கோயிலும் மட்டும் சுமந்துகொண்டிருக்கின்றன.

ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மாசாய்த் தாமான் வீடுகளின் முன்கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், பேரப்பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்காகக் காத்திருக்கும் பாட்டிகள் பால்மரம் வெட்டியவர்கள். அவர்களைப் பேச வைக்க ஒலிப்பதிவுக் கூடம் தேவையில்லை, கைப்பேசி போதும். தேவைப்படுவது கேட்கும் முறை. அப்துல் ஹமீத் போன்றவர்களிடமிருந்து அதைக் கற்றுக்கொள்ளலாம். பாட்டுக்குப் பாட்டில் அவர் யாரையும் "உங்களுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் பாடுங்கள்" என்று கேட்டதில்லை. ஓர் எழுத்தைத்தான் கொடுத்தார். அந்த ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, மறந்துபோனதாக நினைத்த முழுப் பாட்டும் தொண்டைக்கு வந்தது.

"உங்க வாழ்க்கை வரலாற்றச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், போ" என்பார்கள். அது தன்னடக்கம் மட்டுமில்லை. தன் வாழ்க்கைக்கு வரலாறு என்ற பெயர் பொருந்தும் என்று இதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. ஆகவே ஓர் எழுத்தைப் போலச் சின்னதாக ஒன்றை, தோட்டத்தின் காலை ஆள்கணக்கான பெரட்டைப் போல, கொடுக்க வேண்டும்.

"பாட்டி, உங்க தோட்டத்துல பெரட்டுக்கு எத்தன மணிக்கு மணி அடிப்பாங்க?"

"அதுவா? அஞ்சுக்கெல்லாம் அடிச்சிருவான். ஆனா எங்கம்மா அதுக்கு முன்னாடியே எந்திரிச்சிரும். மண்டோருக்கு எங்கப்பாரக் கண்டாலே ஆகாது, அதனால…"

பேரன் கைப்பேசியை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறான்.