உதைத்தால் மட்டும் போதாது! - பழைய புல்லட்டில் கடலூர் டு சிதம்பரம்

கடலூர் பக்கம் பல வீடுகளின் பின்கட்டில் அப்படி ஒரு வண்டி நிற்கும். மேலே பழைய போர்வை, டேங்க்கில் உப்புக்காற்று அரித்த புள்ளிகள், சக்கரத்தில் சிலந்தி வலை. அப்பா ஓட்டிய புல்லட். அவர் இருந்தவரை ஒரே உதையில் கிளம்பிய வண்டி, இப்போது மகன் இருபது முறை உதைத்தாலும் 'புஸ்'ஸென்று அடங்கிவிடும். "பேசாம பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாம்" என்பார் மகன். "அப்பா வண்டிடா" என்பார் அம்மா. பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

எடைக்குப் போடும் முன் ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம். கடலூரில் குளிர்ந்த இன்ஜினோடு கிளம்ப வேண்டும். சுமார் 45 கிலோமீட்டர் ஓடி, சிதம்பரத்தில் சூடான இன்ஜினோடு மறுபடியும் கிளம்ப வேண்டும். இரண்டிலும் தேறினால் வண்டி பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

குண்டு ஊரில் புல்லட்

1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ, அதுவரையுள்ள நிலமும் சேர்த்து என்பது பேச்சு. அப்படிக் கைமாறிய ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் விழுந்தது. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. 'துப்பாக்கியைப் போலச் செய்தது' என்று விளம்பரம் செய்யப்பட்ட ராயல் என்ஃபீல்டு வண்டிக்குப் பொருத்தமான ஊர்தான்!

புல்லட்டும் நம்ம ஊர்ப் பிள்ளை மாதிரிதான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்து நிறுவனத்தோடு கைகோத்தது. சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1970-ல் இங்கிலாந்து நிறுவனம் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் வண்டிகள் உருவாகிக்கொண்டே இருந்தன.

ஏன் கிளம்பவில்லை?

காரணத்தில் பாதி இந்த ஊர்தான். கடலூர் 2004-ல் சுனாமியையும், 2011-ல் தானே புயலையும், 2015-ல் பெருவெள்ளத்தையும் பார்த்த ஊர். வெள்ளம் தொடாத வண்டியையும் கடற்காற்றின் ஈரம் விடாது.

பழைய புல்லட்டில் தீப்பொறியை உண்டாக்குவது பாயிண்ட் என்ற சின்னஞ்சிறு தொடுமுனை. வண்டி மாதக்கணக்கில் நின்றால் அதில் பாசி போல ஒரு படலம் படியும். மின்சாரம் தாண்டாது. மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துணியால் துடைத்தாலே பல வண்டிகள் உயிர் பெறும். பாயிண்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது பெட்ரோல். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதனால் டேங்க்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். ஊசித் துளை போன்ற அந்த ஜெட் அடைத்திருந்தால், எத்தனை உதை விட்டாலும் கால்தான் வலிக்கும்.

அப்பாவின் ஒரே உதை

அப்பாவின் உதையில் பலத்தைவிடப் பக்குவம் அதிகம். இன்ஜின் 346 சிசி, ஒரே பிஸ்டன். சாவியைப் போட்டு, கிக்கரைக் கையால் தள்ளுவது போல மெதுவாக மிதித்தால், ஓரிடத்தில் 'கெட்டி'யாக நிற்கும். இப்போது ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்திருந்தால் பாயிண்ட் திறந்துவிட்டது. இடது கையால் டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரு முழு உதை. 'டுப்... டுப்... டுப்...'

முள் அசையவே இல்லையா? முதலில் பேட்டரியைப் பாருங்கள். கிக்கர் திருப்பி அடிக்கிறதா? டைமிங் தப்பியிருக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டாமல் மறுபடி உதைத்தால் கணுக்கால் போய்விடும்.

சிதம்பரம் பரீட்சை

ரோட்டில் இறங்கும் முன் ஆர்.சி புத்தகத்தைப் பாருங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும், இன்ஷூரன்ஸும் வேண்டும். இன்னொன்று: பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது வண்டி ஓட்டிப் பழகியவர்கள் தெருவுக்குள் நாலு சுற்று சுற்றிப் பழகிக்கொள்வது நல்லது.

மஞ்சக்குப்பத்தில் கிளம்பி, கெடிலம் பாலம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், சிப்காட். பிறகு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர். இடது பக்கம் பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலையை விட்டு, வெள்ளாற்றைத் தாண்டினால் சிதம்பரம்.

கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் வண்டியை நிறுத்திவிட்டு, இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு தொட்டுச் சாப்பிட அரைமணி நேரம். திரும்பி வந்து உதைக்கும்போதுதான் நிஜப் பரீட்சை. காலையில் கிளம்பிய வண்டி இப்போது அடம்பிடித்து, ஆறிய பிறகு மட்டும் கிளம்பினால், கண்டன்சர் மீதோ காயில் மீதோ சந்தேகப்படலாம். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் சாவியை அணைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகி, டீகம்ப்ரஷரைப் பிடித்தபடி நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு சோக் போடாமல், பழையபடி ஒரு முழு உதை.

கிளம்பிவிட்டால் உடனே வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். எதுவும் பேச வேண்டாம். போனை சைலன்சர் பக்கம் நீட்டினால் போதும். மறுமுனையில் அம்மாவுக்கு அந்தச் சத்தம் யாருடையது என்று தெரியும்.