பெருங்காயத்திலும் இருக்கிறது கோதுமை

பேத்திக்கு சீலியாக் நோய் என்று தெரிந்ததும் மகள் முதலில் தேடியது ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சடித்த ரொட்டியையும் பிஸ்கட்டையும்தான். விலையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

குளூட்டன் கோதுமையிலும் பார்லியிலும் உள்ள புரதம். கொஞ்சம் உள்ளே போனாலும் இந்த நோய் உள்ளவர்களின் சிறுகுடல் கெடும். வாழ்நாள் முழுக்கப் பத்தியம்தான் மருந்து.

“இட்லி, இடியாப்பம், கம்பங்கூழ், கேழ்வரகு அடை... இதில் எதிலம்மா கோதுமை?” என்றேன். ரேஷனில் 2011 முதல் அரிசி இலவசம், துவரம்பருப்பும் மலிவு. குழந்தைக்கென்று தனிச் சமையல் கிடையாது. அவள் சாப்பிடுவதையே எல்லோரும் சாப்பிடுகிறோம். ரவை, சேமியா, மைதா வீட்டுக்குள் வருவதில்லை. மாப்பிள்ளை பரோட்டா ஆசையைக் கடையிலேயே முடித்துக்கொண்டு வருகிறார், பாவம்!

சிக்கல் நாம் நினைக்காத இடத்தில் இருக்கிறது. கடையில் விற்கும் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ரசம், சாம்பார், ஊறுகாய் எல்லாவற்றிலும் அது போகிறதே! பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்து, அரிசி மாவு சேர்த்ததை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பூண்டு தட்டிப் போட்டாலே போதும், மணத்துக்குக் குறைவில்லை.

அடுத்தது மாவு மில். கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே நம் கேழ்வரகையும் கொட்டுவார்கள். அதனால் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறேன். கை கடுக்கிறதுதான், ஆனால் ஓய்வுபெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

பள்ளியில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வரும். அதற்காக அவள் பையில் எப்போதும் இரண்டு கடலை மிட்டாய் இருக்கும். காரணத்தை வகுப்பாசிரியைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.