வெனிஸ் படகில் நேப்பிள்ஸ் பாட்டு!

வெனிஸ் போகும் சுற்றுலாப் பயணிகள் படகில் ஏறியதும் ஆசையாகக் கேட்கும் பாட்டு, 'ஓ சோலே மியோ'. ஆனால், அது வெனிஸ் பாட்டே இல்லை! தெற்கே, வெசூவியஸ் எரிமலையைப் பார்த்தபடி கடலோரம் கிடக்கும் நேப்பிள்ஸ் நகரத்தின் பாட்டு. அந்த 'ஓ'கூட யாரையும் கூப்பிடும் 'ஓ' இல்லை. நேப்பிள்ஸ் பேச்சுமொழியில் அது ஆங்கில 'தி' மாதிரி. 'என் சூரியன்' என்பதுதான் அர்த்தம்.

1898-ல் ஜியோவானி கபுர்ரோ எழுத, எதுவார்தோ டி கபுவா மெட்டமைத்தார். புயல் ஓய்ந்தபின் அடிக்கும் வெயில் அழகு; அதைவிட அழகான சூரியன் காதலியின் முகம். விஷயம் இவ்வளவுதான்.

1960-ல் அதே மெட்டில் எல்விஸ் பிரெஸ்லி 'இட்ஸ் நவ் ஆர் நெவர்' பாடினார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நம்பர் ஒன்! ஆனால், நிதானமாக ரசித்த காதல், ஆங்கிலத்தில் 'இன்றே, இப்போதே' என்று அவசரப்படுகிறது. அடுத்த வருடமே, வளைகுடாவின் மறுபக்கம் இருக்கும் சொரெண்டோ ஊரின் புகழ்பெற்ற பாட்டு, அவர் குரலில் 'சரண்டர்' ஆனது.

உலகமே முணுமுணுத்த பாட்டைத் தந்தவர்கள் கையில் காசு தங்கவில்லை. டி கபுவா 1917-லும் கபுர்ரோ 1920-லும் வறுமையில் இறந்தார்கள். மெட்டில் அல்ஃப்ரெதோ மட்சூக்கிக்கும் பங்கு உண்டு என 2002-ல் தூரின் நீதிமன்றம் சொன்னது. அவர் இறந்து அப்போதே 30 வருடம்.