மாலையைக் கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் நாள் விடியலில் நீராடி, குருசாமியின் கையால் துளசி மாலை அணிந்துகொள்ளும் அடியார்களுள் பல ஆண்டுகளாகக் குடிக்கு அடிமைப்பட்டவர்களும் உண்டு. ஒரு பொழுதுகூடக் குடியாமல் இருக்க இயலாதவர் என்று ஊரார் கைவிட்ட ஒருவர், ஒரு மண்டலம் முழுவதும் மதுவைத் தீண்டாமல் விரதம் காக்கிறார். மலைக்குச் சென்று திரும்பி மாலையைக் கழற்றுகிறார். மறுநாள் அந்தி வேளையில் பழைய கடை வாசலில் நிற்கிறார். 'சாமிக்காக விட முடிந்தவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகளுக்காக விட முடியாதா? மனம் வைக்கவில்லை, அவ்வளவுதான்' என்கிறார்கள் சுற்றத்தார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இச்சொல் உண்மையன்று.

கபிஸ்தலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஒரு தச்சர் இருக்கிறார். கதவு நிலைகளில் பூவேலை செய்வதில் கைதேர்ந்தவர். ஆறு ஆண்டுகள் தொடர்ந்து மாலை அணிந்தார். ஆறு ஆண்டும் விரதம் பழுதின்றி நிறைவேறியது. ஆறு முறையும் மாலையைக் கழற்றிய சில நாள்களில் மீண்டும் குடித்தார். இடைப்பட்ட மாதங்களில் அம்மன் சன்னிதியில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார். மகளின் தலையில் கை வைத்து ஆணையிட்டார். செய்த வேளையில் ஒவ்வொரு சத்தியமும் மெய்யானதே. அது முறிந்தபோது வெட்கம் வந்தது; வெட்கத்தை மறக்க மேலும் குடித்தார்.

பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ச்சுனன் இதையே கேட்கிறான். விருப்பம் இல்லாதபோதும், எவரோ வலிந்து ஏவியதுபோல மனிதன் தீமையில் விழுவது எதனால் என்பது அவன் ஐயம். உறக்கத்தை வென்றவன் என்று பொருள்படும் குடாகேசன் என்னும் பெயர் பெற்றவன் அவன். மன உறுதியில் குறைவில்லாத ஒருவன் வாயிலிருந்து இக்கேள்வி வருவதே சிந்திக்கத்தக்கது. கண்ணபிரான் அவனை இகழவில்லை. ஆசை என்னும் பகை எத்துணை வலியது என்பதையே முதலில் எடுத்துரைக்கிறார்.

ஏழாம் ஆண்டு தச்சர் மாலை அணிந்த மறுநாள் அவர் கைகள் உளியைப் பிடிக்க முடியாமல் நடுங்கின. உடல் வியர்த்துக் கொட்டியது, உறக்கம் அற்றுப்போயிற்று. மூன்றாம் நாள் இரவு, சுவரில் இல்லாத உருவங்களைக் காட்டி அலறினார். விரதத்தில் ஏதோ தெய்வக் குற்றம் நேர்ந்துவிட்டது என்று வீட்டார் அஞ்சினர். மந்திரிப்பவரை அழைக்கலாம் என்றார் ஒருவர். பதினெட்டு முறை மலையேறிய குருசாமி வந்து பார்த்தார். "அம்மா, இது சாமி குற்றமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்று அவர் மனைவியிடம் சொல்லி, இரவோடு இரவாக அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

மருத்துவர் விளக்கினார். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளையும் நரம்புகளும் மதுவுக்கேற்பத் தம் இயக்கத்தை மாற்றிக்கொள்கின்றன. மது திடீரென்று நின்றால் அவை கட்டுமீறிக் கிளர்ச்சியுறும். முதல் சில நாள்களில் நடுக்கமும், வலிப்பும், சித்தப் பிரமையும் வரலாம்; சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே நெடுநாள் குடித்தவர், மாலை அணிவதற்காக நிறுத்தினாலும் வேறு எதற்காக நிறுத்தினாலும், மருத்துவரைக் கலந்தே நிறுத்த வேண்டும். தச்சர் பத்து நாள் மருத்துவமனையில் இருந்தார். விரதம் கெட்டுவிட்டதோ என்று அவர் கலங்கியபோது, "சாமி, இந்த உடம்பைக் காப்பாற்றுவதும் விரதந்தான்" என்றார் குருசாமி.

வீடு திரும்பும் வழியில் இருவரும் கபிஸ்தலத்தில் இறங்கிக் கஜேந்திர வரதனைச் சேவித்தனர். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய அத்தலம், யானைக்கு எம்பெருமான் அருளிய இடமாகப் போற்றப்படுவது. அங்கே குருசாமி கேட்டார்: "யானைக்குப் பலம் குறைவா சாமி?"

தச்சர் விடை சொல்லவில்லை. குருசாமியே சொன்னார். காட்டில் சிங்கமும் அஞ்சும் களிறு அது. ஆயிரம் ஆண்டுகள் போராடியதாகப் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தம் கூறுகிறது. நாளாக நாளாக யானையின் வலிமை தேய்ந்தது. முதலைக்கோ வலிமை பெருகியது. ஏனெனில் போர் நடந்த இடம் தண்ணீர். அது முதலையின் வீடு. ஆழ்ந்த நீரில் முதலை பிறவற்றை வெல்லும், நீரை விட்டு நீங்கினால் பிற உயிர்கள் அதை வெல்லும் என்று வள்ளுவரும் இடனறிதல் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார்.

"விரத நாளில் உங்களைத் தண்ணீருக்கு வெளியே வைத்திருந்தோம். மாலையைக் கழற்றியதும் நீங்களாகவே மறுபடியும் மடுவில் இறங்கினீர்கள். இந்த முறை மாலையைக் கழற்றலாம், மற்றவற்றைக் கழற்ற வேண்டாம்" என்றார் அவர்.

மற்றவை யாவை என்று இருவரும் எண்ணிப் பார்த்தனர். விரத நாள்களில் வைகறையில் எழுந்து நீராடல் உண்டு. குடிக்கும் நண்பர்கள் 'சாமி' என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்தி வேளையில் பஜனை உண்டு. வீட்டில் நேரத்துக்கு உணவு உண்டு. தடுமாறினால் சொல்லிக்கொள்ளக் குருசாமி உண்டு. ஆறு ஆண்டுகளும் தச்சரைத் தாங்கியவை இவை. அவர் தம் மன உறுதி என்று எண்ணியதில் பெரும்பகுதி பிறர் கொடுத்த தாங்கலே.

வைணவப் பெரியோர் சரணாகதிக்கு ஆறு அங்கங்கள் வகுத்துள்ளனர். அவற்றுள் கார்ப்பண்யம் என்பது, தன்னைக் காத்துக்கொள்ளத் தன்னால் இயலாது என்று உணர்ந்து ஒப்புக்கொள்வது. அதனோடு பிராதிகூல்ய வர்ஜனமும் சொல்லப்பட்டிருக்கிறது. இறைவன் உள்ளத்துக்கு ஒவ்வாதவற்றை விலக்குவது அது. 'நீயே கதி' என்று கூறிவிட்டுக் கடைத்தெருவிலேயே நடப்பது சரணாகதி ஆகாது.

மலையிலிருந்து திரும்பிய பின், பட்டறையிலிருந்து கடை வழியாக வீடு செல்லும் பாதையைத் தச்சர் விட்டார். ஆற்றங்கரை வழியே சுற்றி நடந்தார். சனிக்கிழமைக் கூலியை மனைவியின் கையில் கொடுக்கும்படி மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டார். அந்தி வேளைகளில் ஊர்க் கோயிலின் பழுதுபட்ட வாகனங்களைச் செப்பனிடும் பணி அவருக்குக் கிடைத்தது. மருத்துவரிடம் மாதந்தோறும் சென்றார். ஞாயிறுதோறும் அருகிலுள்ள நகரில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் போனார். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் அல்லலுற்ற ஒரு பங்கு வணிகரும் ஒரு மருத்துவரும் சந்தித்ததில் பிறந்தது அவ்வமைப்பு. மதுவின் முன் தம் வலிமை செல்லாது என்று ஒப்புக்கொள்வதே அவர்கள் வகுத்த பன்னிரண்டு படிகளுள் முதலாவது. அதைக் கேட்டபோது கபிஸ்தலத்து யானை தச்சரின் நினைவுக்கு வந்தது.

அந்த வைகாசியில் உறவினர் திருமணம் ஒன்றில் அவர் ஒரு முறை குடித்துவிட்டார். முன்பானால் மாதக்கணக்கில் முகம் காட்டியிருக்கமாட்டார். இம்முறை மறுநாள் விடியலிலேயே குருசாமியின் வாசலுக்குப் போய் நின்றார். குருசாமி கடிந்துகொள்ளவில்லை. "வந்துவிட்டீர்கள் அல்லவா, குளித்துவிட்டு வாருங்கள், மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார். விழுந்ததைக் காட்டிலும் விழுந்ததை மறைப்பதே ஒருவரை மடுவுக்குள் இழுக்கும் என்பதை அந்த வீட்டார் அன்று அறிந்தனர்.

அதன் பின் நான்கு கார்த்திகைகள் கடந்துவிட்டன. குடியை விட்டுவிட்டீர்களா என்று எவரேனும் கேட்டால் தச்சர் ஆம் என்று சொல்வதில்லை. "இன்றைக்குக் குடிக்கவில்லை" என்கிறார். அந்தி சாய்ந்ததும் ஆற்றங்கரை வழியே கோயிலுக்கு நடக்கிறார்.