லாரி ஊரில் ஒரு திறந்த கார்

சங்ககிரியில் வண்டி என்றால் அது லாரிதான். சேலத்திலிருந்து கொச்சி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544-ஐ ஒட்டி, கோட்டை மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள இவ்வூரில், ஒரு வாகனத்தின் மதிப்பு அது ஏற்றும் லோடு, அதன் பர்மிட், எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று முடியும் தேதி, டயர்களின் நிலை ஆகியவற்றைக் கொண்டே கணிக்கப்படுகிறது. டி.என். 52 என்ற இவ்வட்டாரப் பதிவெண்ணைச் சுமந்த லாரிகளை வட இந்தியச் சாலைகளிலும் காணலாம். சம்பாதிப்பதற்கன்றி வேறெதற்கும் வண்டி வாங்கிப் பழகாத இத்தகைய ஊரில், அறுபதை எட்டியவர் ஒருவர் இரண்டே பேர் அமரக்கூடிய, கூரையற்ற பழைய சிறு கார் ஒன்றை வெறும் மகிழ்ச்சிக்காக வாங்க எண்ணுவது முதல் பார்வைக்குப் பொருந்தாததாகத் தோன்றலாம். ஆயினும் அத்தகைய காரைப் பேணவும் ஓட்டவும் சென்னையைவிடச் சங்ககிரியே ஏற்ற இடம் என்பதற்கு, இங்குள்ள சாலைகளும் பட்டறைகளும் போதிய சான்றாகின்றன.

சாலை எனும்போது நான்கு வழி நெடுஞ்சாலையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வைகுந்தம் சுங்கச்சாவடியைக் கடந்து விரையும் கனரக வாகனங்களுக்கு நடுவே, தரையோடு ஒட்டி அமர்ந்து செல்லும் திறந்த காரில் இருப்பவருக்குக் கிடைப்பவை டீசல் புகையும், லாரிச் சக்கரம் தெறிக்கும் சல்லியும், காதை அடைக்கும் ஏர் ஹாரனுமே. இன்பப் பயணத்துக்கு உரிய வழி சங்ககிரியிலிருந்து மேற்கே பிரிந்து தேவூர் வழியாகக் காவிரியை அடைந்து, ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டிப் பூலாம்பட்டிக்கும் அங்கிருந்து மேட்டூருக்கும் செல்வதாகும். 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து பிரியும் கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் சுமார் 45,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிப்பவை. வழக்கமாக ஆகஸ்டு முதல் நாளில் திறக்கப்பட்டு 137 நாள்கள் நீர் விடப்படுவதால், புரட்டாசி தொடங்கித் தை வரை இச்சாலையின் இருமருங்கும் நெல்லும் கரும்பும் வாழையுமாகப் பசுமை மாறாமல் இருக்கும். சில கிலோமீட்டர் கிழக்கே, சங்ககிரியைச் சுற்றியுள்ள நிலமோ சுண்ணாம்புக்கல்லும் கருவேலமும் நிறைந்த மானாவாரிக் காடு. சிமெண்ட் ஆலை இங்கே அமைந்ததற்குக் காரணமும் அந்தச் சுண்ணாம்புக்கல்லே. வறண்ட மேட்டு நிலத்திலிருந்து ஆற்றுப் படுகைக்குள் இறங்கும்போது காற்றின் வெப்பம் குறைவதையும், ஈர மண்ணின் வாசனை எழுவதையும் மூடிய காரில் செல்பவர் அறிய வழியில்லை. திறந்த காருக்குச் செலவிடும் பணம் உண்மையில் இந்த வேறுபாட்டுக்கான விலைதான்.

பூலாம்பட்டியில் மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்ட கதவணை நீரைத் தேக்கி வைத்திருப்பதால், ஆறு அங்கே ஏரி போல அகன்று நிற்கிறது. எதிர்க்கரையில் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகில் மக்கள் கடந்து செல்கின்றனர். காரைக் கரையில் நிறுத்திவிட்டு அக்கரை சென்று திரும்புவது பயணத்துக்கு நல்ல இடைவேளையாகும். ஆடிப் பதினெட்டு அன்று மட்டும் இப்பக்கம் வருவதைத் தவிர்க்க வேண்டும். காவிரிப் படித்துறை ஒவ்வொன்றும் கூட்டத்தால் நிரம்பியிருக்கும் அந்நாளில், சங்ககிரிக் கோட்டையிலும் 1805-ஆம் ஆண்டு அங்கே தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு அஞ்சலி செலுத்த வருவோரின் நெரிசல் இருக்கும்.

சாலை இப்படியிருக்க, எந்தக் கார் என்பதே அடுத்த கேள்வி. ரோட்ஸ்டர் எனப்படுவது நிலையான கூரை இல்லாத, இரு இருக்கைகள் கொண்ட, எடை குறைந்த சிறு காராகும். மழைக்கு மட்டும் மடக்குத் துணிக்கூரை ஒன்று இருக்கும். இங்கிலாந்தின் எம்.ஜி., டிரையம்ஃப் நிறுவனங்கள் வளர்த்த இவ்வகை அங்கே மங்கிப்போன பின், 1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்.-5 என்ற காரின் வழியாக அதற்கு மறுவாழ்வு தந்தது. 2016-இல் உற்பத்தி பத்து லட்சத்தைக் கடந்த அந்தக் காரைத்தான் உலகெங்கும் ஓய்வுபெற்றவர்கள் பழையதாக வாங்கி ஓட்டுகின்றனர். இந்தியாவில் அது முறைப்படி விற்பனைக்கு வரவேயில்லை. பயன்படுத்திய கார்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு வண்டியின் வயது வரம்பும், விலைக்கு மேல் விலை வைத்தாற்போன்ற சுங்க வரியும் தடையாக நிற்பதால், சங்ககிரிக்காரர் அதைப் பற்றி எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

உள்நாட்டில் தேடுபவருக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது தமிழ்நாட்டிலேயே உருவான ஒரு காராகும். சென்னையை அடுத்து ஆலை அமைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம்; அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி. உடலும் அடிச்சட்டமும் ஒன்றாக இணைந்த ஒற்றைக் கூடாகக் கார்கள் மாறிக்கொண்டிருந்த அக்காலத்தில், ஹெரால்டு தனிச் சேசிஸின் மேல் பகுதி பகுதியாகப் போல்ட்டுகளால் முடுக்கப்பட்ட உடலைக் கொண்டிருந்தது. முழு உடலையும் ஒன்றாகச் செய்து தரும் ஆலை இங்கிலாந்தில் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால் நேர்ந்த கட்டாயம் அது. எனினும் அதனாலேயே பாகங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பிச் சென்னையில் கோப்பது எளிதாயிற்று. இரண்டு கதவு ஹெரால்டில் மேற்கூரையும் தனியாகக் கழற்றக்கூடிய ஒரு பகுதியே. முன்பக்க மூடி, மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கி முழுவதுமாகத் திறந்துகொள்ளும். சக்கரங்கள் வெகுவாகத் திரும்புவதால் சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டியை வளைத்துவிடலாம். இதே சேசிஸைக் குட்டையாக்கித்தான் டிரையம்ஃப் நிறுவனம் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ரோட்ஸ்டரை வெளியிட்டது. தமிழகத்து டாக்டர்களும் ஆசிரியர்களும் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வந்த சாதுவான ஹெரால்டு, எலும்புக்கூட்டின் அளவில் ஒரு புகழ்பெற்ற ஆங்கிலேய ரோட்ஸ்டரின் உடன்பிறப்பு என்பது இங்கே பலரும் கவனிக்காத செய்தி.

கூரையைக் கழற்றிவிட்ட ஹெரால்டு கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். வாங்குபவர் கவனிக்க வேண்டியது சட்டத்தை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியுள்ளது. 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குத் தனிப் பதிவு முறையை வகுத்திருப்பினும், சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெருமளவு மாற்றப்படாத வண்டிகளே அதற்குத் தகுதி பெறும். மேலும், அப்பதிவைப் பெற்ற கார் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்ற தேவைகளுக்கன்றி அன்றாடம் சாலையில் ஓடக்கூடாது. ஆகவே கூரை வெட்டிய ஹெரால்டை வாங்குபவர், ஆர்.சி. புத்தகத்தில் உடல் வகை என்னவென்று பதிவாகியிருக்கிறது என்பதைப் பாராமல் முன்பணம் தருவது பெரும்பிழை.

பிறவியிலேயே ரோட்ஸ்டராகப் பிறந்த இந்தியக் கார் ஒன்றும் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ் 1998-இல் அறிமுகப்படுத்திய சான் ஸ்டார்ம், ரெனோ நிறுவனத்தின் 1,149 சி.சி. பெட்ரோல் எஞ்சினைக் கொண்டது. 60 குதிரைத் திறன், இரண்டு இருக்கை, ஃபைபர் உடல், துணிக்கூரை. துருப்பிடிக்காத உடலும், எளிய எஞ்சினும், ஆவணத்தில் வில்லங்கமில்லாத திறந்த அமைப்பும் அதன் நற்பண்புகள். விற்றவை மிகக் குறைவு என்பதும், அக்காலத்தில் ரெனோவுக்கு இந்தியாவில் விற்பனை வலைப்பின்னலே இல்லை என்பதும் அதன் குறைகள். ஒரு விளக்குக் கூடோ கதவுக் கண்ணாடியோ உடைந்தால் அதே பொருளைத் தேடி மாதக்கணக்கில் அலைய நேரிடும். சேகரிப்பாளருக்கு அது பொக்கிஷமாகலாம்; மகிழ்ச்சிக்கு ஓட்ட விரும்புபவருக்குச் சுமையே.

இலக்கணப்படி ரோட்ஸ்டர் அல்லாத மாருதி ஜிப்சியே, இந்நிலையில் இவ்வட்டாரத்துக்கு மிகப் பொருத்தமான திறந்த வண்டியாகத் தோன்றுகிறது. 1985-இன் இறுதியில் 970 சி.சி. எஞ்சினுடன் வந்து, பின்னர் 1.3 லிட்டர் எஞ்சின் பெற்ற அவ்வண்டியின் துணிக்கூரை வகை ஆலையிலிருந்தே அவ்வாறு வெளிவந்ததாகையால் 52-ஆம் பிரிவு குறுக்கே வராது. எஞ்சின் பாகங்கள் எளிதில் கிடைக்கும். எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மூட்டுவலி உள்ளவர்களுக்கு மற்றொரு காரணமும் உண்டு. தாழ்ந்த ரோட்ஸ்டரில் இறங்குவது எளிது, அதிலிருந்து எழுவதுதான் கடினம். ஜிப்சியில் ஏறிவிட்டால் இறங்குவதில் சிரமமில்லை. அதன் குலுக்கல் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. நான்கு சக்கரத்திலும் கமான் பட்டை, அதாவது எஃகுத் தகடுகளை அடுக்கிக் கட்டிய வில், பொருத்தப்பட்டிருப்பதால் பள்ளம் ஒவ்வொன்றையும் முதுகெலும்பு எண்ணிக்கொண்டே வரும்.

லாரி ஊரின் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. தளர்ந்த கமான் பட்டையை இறக்கி, தகடுகளைப் பிரித்து, உடைந்ததை மாற்றி, வளைவைச் சரிசெய்து மீண்டும் ஏற்றுவது சங்ககிரி, நாமக்கல் பட்டறைகளில் அன்றாட வேலை. லாரிப் பாடி கட்டும் தொழிலால் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் திருச்செங்கோடும் பெயர் பெற்றவையாதலால், லேத் வேலை, வெல்டிங், டிங்கரிங் ஆகியவற்றுக்குத் தேர்ந்த கைகள் இங்கு ஏராளம். கிடைக்காத ஒரு புஷ்ஷையோ பின்னையோ மாதிரி காட்டிக் கடைந்து வாங்கிவிடலாம். லோடை மூடும் தார்ப்பாய் தைப்பவரிடம், கிழிந்துபோன துணிக்கூரையைக் கழற்றிக் கொடுத்து அதே அளவில் புதிதாகத் தைத்துக் கேட்பதும் இயலாததன்று. பெருநகரத்தில் இவ்வேலைகளை ஏற்கும் பட்டறையைத் தேடுவதற்கே ஓய்வுக்காலம் கரைந்துவிடும். எரிபொருளைப் பொறுத்தமட்டில் ஓர் எச்சரிக்கை தேவை. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பழைய கார்புரேட்டரின் ரப்பர் வாஷர்களும் பெட்ரோல் ஓஸ்களும் அதற்கென வடிவமைக்கப்பட்டவையல்ல. மேலும் எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். ஓஸ்களை மாற்றிவிடுவதும், வாரம் ஒருமுறையாவது வண்டியை எடுத்து ஓட்டுவதுமே இதற்குத் தீர்வு.

ஓட்டும் பருவத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மாசி முடிந்து வைகாசி வரை, வெயில் ஏறிய பின் சேலம் சமவெளியில் திறந்த காரை எடுப்பது தண்டனையாகும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று புழுதியைக் கண்ணில் வாரி இறைக்கும். ஐப்பசி மழை ஓய்ந்த பின் மாசி வரையிலான விடியற்காலைகளே உகந்தவை. கண்புரை தொடங்கிய வயதில் எதிர்வரும் லாரிகளின் முகப்பு விளக்கு கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், இருட்டியபின் ஓட்டுவதை விட்டுவிடுவதே நல்லது.

மலைப்பாதை பற்றிய ஆசையும் வரும். அருகிலுள்ள திருச்செங்கோட்டில் அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு ஏறும் மலைச்சாலை சிறியது. வண்டியின் ஏறுதிறனையும் இறக்கத்தில் பிரேக்கின் நிலையையும் அங்கேயே சோதித்துவிடலாம். அடுத்து ஏற்காடு: 20 கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் சுமார் 1,500 மீட்டர் உயரம், ஏற ஏறக் காற்றில் குளிர்ச்சி. இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வைத்து, எஞ்சினின் இழுவையால் வேகத்தை அடக்க வேண்டும். டிரம் பிரேக் தொடர்ந்து மிதிக்கப்பட்டால் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஹெரால்டு வைத்திருப்பவர் மற்றொன்றையும் அறிய வேண்டும். அதன் பின்சக்கரங்கள் ஊசலச்சு எனத்தக்க அமைப்பில் தனித்தனியே ஆடுபவை. வேகமாக வளைவில் புகுந்து ஆக்சிலரேட்டரிலிருந்து திடீரெனக் காலை எடுத்தால் வெளிப்பக்கச் சக்கரம் உட்புறம் மடங்கி வண்டி வழுக்கக்கூடும். காரவள்ளியிலிருந்து 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதை இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்களுக்கு உரியதாக இருக்கட்டும். பழைய வண்டிக்கும் அறுபது வயதுத் தோளுக்கும் ஏற்காடு போதுமானது.

சட்டம் வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் ஏறக்குறைய ஒரே கணக்கை வைத்திருக்கிறது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குப் பின் புதுப்பிக்கப்படுகிறது; 55 வயதைக் கடந்தவரின் ஓட்டுநர் உரிமமும் ஐந்தாண்டுகளுக்கே, மருத்துவச் சான்றின் பேரில் புதுப்பிக்கப்படுகிறது. உரிமம் காலாவதியாகியிருக்கும்போது விபத்து நேர்ந்தால் காப்பீடு கேட்பதில் சிக்கல் எழும். எனவே விற்பனைக்கு இருக்கும் வண்டியைப் பார்க்கப் புறப்படுமுன், சட்டைப்பையில் உள்ள உரிம அட்டையின் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.